கறுப்புத் திரைக்கு 30 மணி நேரம்: ஆய்வுப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் பேராசிரியர் இல்லை. ஒரு கல்வி நிறுவனத்தில் ஆய்வு மாணவர்கள் கணக்கு ஓட்டும் க்ளஸ்டரை, அதாவது பல கணினிகளைக் கட்டி ஒன்றாக வேலை வாங்கும் அமைப்பைப் பார்த்துக்கொள்பவன். சர்வர் அறையில் ஏசி நின்றால் இரவு இரண்டு மணிக்கு போன் வருவது எனக்குத்தான். இயற்பியல், வேதியியல், உயிரித் தகவலியல், சில வருடங்களாகப் பொருளாதாரமும்கூட. எந்தத் துறை மாணவராக இருந்தாலும் கடைசியில் என் அறை வாசலில் வந்து நின்று, "அண்ணா, ஒரு சின்ன டவுட்" என்பார்கள். அப்படி வந்த ஒரு சின்ன டவுட்டைச் சொல்லி, க்ளஸ்டர்கள் ஓடும் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் அடிப்படையை, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்கும் அந்த வித்தையை, ஆய்வு மாணவர்களுக்குக் கற்பிக்கக் கேட்கத்தான் இந்த மடல்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவி வந்தார். புரத மூலக்கூறு தண்ணீரில் எப்படி அசைகிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை அவருடையது. இந்த மாதிரிக் கணக்கை ஒரே தடவை ஓட்டிவிட்டு முடிவு சொல்லக் கூடாது. தொடக்க வேகங்களை மாற்றி மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவரும் ஓட்டினார். மூன்று வரைபடமும் ஒன்றுபோலவே வந்தன. நெறியாளருக்குச் சந்தோஷம். "ரொம்ப ஸ்டேபிளா இருக்கும்மா, பேப்பர் எழுத ஆரம்பி" என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. எண்கள் கடைசித் தசமம் வரைக்கும் அப்படியே ஒத்துப்போகின்றன. இது எப்படி அண்ணா சாத்தியம் என்றுதான் அவர் கேட்க வந்தார்.

வரைபடம் வரையும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். நாற்பது வரி. முந்தைய சீனியர் கொடுத்தது, அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. பன்னிரண்டாவது வரியில் ஒரு கோப்பின் பாத் முழு முகவரியாக எழுதியிருந்தது. அந்த முகவரி இவருடைய ஃபோல்டருக்குப் போகவில்லை. சீனியரின் ஃபோல்டருக்குப் போனது. கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் எல்எஸ் கட்டளையோடு சிறிய எல் சேர்த்து அந்தக் கோப்பைப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது நெடுவரிசையில் உரிமையாளர் பெயர்: சீனியர். அதே வரியில் தேதி: இந்த மாணவி பிஎச்டி சேர்வதற்கு முந்தைய வருடம்.

மூன்று மாதமாக அவர் ஓட்டிய கணக்குகள் எல்லாம் ஒழுங்காக ஓடி முடிந்து அவருடைய ஃபோல்டரில் பத்திரமாகக் கிடந்தன. அவற்றை யாரும் படிக்கவில்லை. வரைபடம் ஒவ்வொரு முறையும் சீனியரின் பழைய கோப்பிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இருவரும் அதே புரதத்தைத்தான் எடுத்திருந்தார்கள் என்பதால் படத்தைப் பார்த்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதை சார்கிட்ட எப்படிண்ணா சொல்றது?" என்றார்.

அந்த மாணவி அலட்சியமானவர் இல்லை. எம்எஸ்சியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். தசமம் ஒத்துப்போவதைக் கவனித்ததே அவருடைய கூர்மைக்குச் சாட்சி. பாத் என்றால் என்ன, நான் இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறேன், இந்தக் கோப்பு யாருடையது என்று அவருக்கு யாருமே சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான். நம் ஆய்வகங்களில் ஸ்கிரிப்ட் கைமாறுவது பாட்டி ஊறுகாய்ப் பக்குவம் மாதிரி. "கொஞ்சம் உப்பு, கண்ணளவு மிளகாய்த்தூள்" என்று வாய்வழியாக வரும். ஏன் அந்த அளவு என்று கேட்டால் அப்படித்தான் போட வேண்டும் என்பார்கள். ஊறுகாய் கெட்டால் பூஞ்சை பூத்துக் காட்டிக் கொடுத்துவிடும். வரைபடம் அப்படிக் காட்டிக் கொடுக்காது.

யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி பிஎச்டி கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். அதற்குள் ஆய்வு நெறிமுறைப் பாடம் கட்டாயம்: 2 கிரெடிட், 30 மணி நேரம். தரவைப் புனையக் கூடாது, பிறர் எழுத்தைத் திருடக் கூடாது என்று அதில் சொல்லித் தருகிறோம். நல்லது. ஆனால் மேலே சொன்ன முடிவு அப்படியே பேப்பராக வந்திருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதற்கும் புனைந்த தரவுக்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? பொய் சொல்லக் கூடாது என்று 30 மணி நேரம் கற்பிக்கும் நாம், தன் வரைபடம் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பார்க்கும் வழியை ஒரு மணி நேரம்கூடக் கற்பிப்பதில்லை. நான் கேட்பது அதே 2 கிரெடிட், அதே 30 மணி நேரம்: கணக்கீட்டைத் தொடப்போகிற ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும், துறை எதுவானாலும், முதல் செமஸ்டரிலேயே, க்ளஸ்டரில் கணக்குத் திறந்து கொடுப்பதற்கு முன்பு லினக்ஸின் அடிப்படை.

"எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்சிஏ படித்தவர்களுக்குமா?" என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அவர்களுக்கும்தான். ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாளில் அவர்கள் நல்ல மார்க் வாங்கியவர்கள். பேங்கர்ஸ் அல்காரிதம் தெரியும், பேஜ் ரீபிளேஸ்மென்ட் கணக்குப் போடத் தெரியும், லினக்ஸின் சிறப்பியல்புகளை விளக்குக என்ற பதினாறு மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதத் தெரியும். கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து கொடுத்தால் கர்சர் மின்னுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தவறு அவர்கள் மேல் இல்லை. நீச்சலைப் பற்றி எழுத்துத் தேர்வு வைத்துத் தேர்ச்சி கொடுத்தவர்கள் நாம்.

இன்னொன்றும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் எதில் நுழைகிறாய் என்று திரை கேட்கும். நான் பார்த்தவரை, அத்தனை பேரும் விண்டோஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பலர் அந்த இரண்டாவது வரி என்னவென்றே கேட்கவில்லை. அந்த லேப்டாப்பில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள்தான் இப்போது உங்களிடம் ஆய்வு மாணவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு வரை வந்த லினக்ஸை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டோம். கருவியைக் கொடுத்தோம், அரை நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

சரி, விண்டோஸிலேயே எல்லாம் செய்துகொண்டால் என்ன? உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலை வருடத்துக்கு இரண்டு முறை வெளியிடுகிறார்கள். 2017 நவம்பர் பட்டியலிலிருந்து அந்த 500உம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இதற்குப் பின்னால் ஒரு சிக்கனக் கதை உண்டு. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர் 16 சாதாரண பிசிக்களை நெட்வொர்க்கில் கட்டி ஒரே கணினி போல வேலை வாங்கினார்கள். பேவுல்ஃப் என்று அதற்குப் பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டு அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்பதால் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் டிரைவர் நிரல்களைப் பெக்கரே எழுதிச் சேர்த்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் அந்த வேலை இவ்வளவு தூரம் பரவியிருக்காது. இன்று ஒரு துறை தன் சின்ன நிதியில் எட்டு நோடு (க்ளஸ்டரில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு) வாங்கி க்ளஸ்டர் கட்ட முடிகிறதென்றால் அந்த வழியில் வந்ததுதான்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள ஒரு கணினி திறக்கப்பட்டது. அதன் பெயர் பரம் பொருள். பெயர் வைத்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். பரம்பொருளின் சன்னிதி வரை போய்விட்டு, தூரத்துக் கணினிக்குள் நுழைய வழிவிடும் எஸ்எஸ்எச் என்றால் என்ன என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கும் நிலையில் நம் பிள்ளைகளை அனுப்புகிறோம்.

"எந்த லினக்ஸைக் கற்பிப்பது?" என்ற கேள்வியில் குழுக் கூட்டம் ஒரு மணி நேரம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், போயிருக்கிறது. உபுண்டுவா, டெபியனா, ராக்கியா என்று லினக்ஸ் வகைகளை வைத்துச் சண்டை போட வேண்டாம். ஆய்வகங்கள் நம்பிக்கொண்டிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற வகையை 2021 முடிவோடு நிறுத்திவிடுவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது என் மாதிரி ஆட்கள் அலறினோம். அடுத்த வருடமே ராக்கி, அல்மா என்று இரண்டு மாற்றுகள் வந்துவிட்டன. மூலநிரல் திறந்திருந்ததால் அது முடிந்தது. 2024 ஜூன் 30இல் சென்ட்ஓஎஸ் 7க்கும் ஆயுள் முடிந்து நாங்கள் வேறொன்றுக்கு மாறினோம். அடிப்படை தெரிந்த மாணவர்களுக்கு அந்த மாற்றம் நடந்ததே தெரியவில்லை. எல்எஸ் எங்கே போனாலும் எல்எஸ்தான்.

அப்படியானால் 30 மணி நேரத்தில் எதைக் கற்பிப்பது? என்னைக் கேட்டால் முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரே விஷயம்: நீ எங்கே நிற்கிறாய். நிற்கும் இடத்தைச் சொல்லும் பிடபிள்யூடி, இடம் மாற்றும் சிடி, அங்கே இருப்பதைக் காட்டும் எல்எஸ். கோப்பு மரத்தில் மேலே போவது, கீழே இறங்குவது, முழு முகவரி, இங்கிருந்து வழி சொல்லும் முகவரி. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, அனுமதி உண்டு என்பது. அனுமதிச் சிக்கல் வந்தால் சிஎச்மோட் 777 போடு என்று யாரோ ஒரு சீனியர் சொல்லிவைத்திருப்பார். வீட்டுச் சாவி கிடைக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பது அது: யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். அந்த மூன்று ஏழும் எப்படி வந்தன என்று ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும், பிறகு பிள்ளைகள் அதைப் போட மாட்டார்கள்.

அடுத்து, அழிப்பது. ஆர்எம் அடித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். இதை நான் வாயால் சொன்னால் யார் பயப்படுகிறார்கள்? கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லிக் காட்டுங்கள். 2021 டிசம்பரில் அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட் அளவுக்கு, சுமார் 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்களின் தரவு. அதில் நான்கு குழுக்களுக்கு மீட்க வழியே இல்லாமல் போனது. பழைய பதிவு (லாக்) கோப்புகளை அழிக்க எழுதியிருந்த ஒரு ஸ்கிரிப்ட், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல் ஒரு ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்துவிட்டு ஓட்டாது. படிக்கப் படிக்க ஓட்டும். ஆகவே முதல் பாதி பழையதாகவும் மிச்சம் புதியதாகவும் ஓடியது. எந்த ஃபோல்டரில் அழிக்க வேண்டும் என்று சொல்லும் மாறியில் மதிப்பே இல்லாமல் போய், பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வுத் தரவின் மேல் கை வைத்தது. இதைச் செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். அமைப்பைப் பராமரித்த நிறுவனத்தின் தொழில்முறைப் பொறியாளர்கள். மதிப்பில்லாத மாறி வந்தால் அங்கேயே நில் என்று ஷெல்லுக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை உங்கள் மாணவர் முதல் ஸ்கிரிப்டிலேயே எழுதப் பழகட்டும்.

அப்புறம் நோட்பேட் சங்கதி. விண்டோஸில் ஸ்கிரிப்ட் எழுதிக் க்ளஸ்டருக்கு அனுப்புவார்கள். ஓட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். விண்டோஸ் வரி முடிவில் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். கூடுதலாக வந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான் வில்லன். ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். இதற்காக இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, மொத்தமாக மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லி என்னிடம் வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ண முடியாது.

பொதுவில் வாழும் பழக்கமும் வேண்டும். க்ளஸ்டரில் நுழைந்ததும் நிற்கும் இடம் லாகின் நோடு. கோப்பைத் திருத்தவும், வேலையை வரிசையில் போடவும் மட்டுமே அது. அங்கேயே கணக்கை ஓட்டுவது தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதற்குச் சமம்: ஒருவர் வீட்டுத் தொட்டி நிறையும், தெருவில் மற்ற குடங்கள் காலியாக நிற்கும். வேலைகளை வரிசையில் நிறுத்தி இடம் கொடுக்கும் ஸ்லர்ம் மாதிரி மென்பொருளிடம் எப்படிக் கேட்பது என்றும் யாரும் சொல்வதில்லை. இரண்டு மணி நேர வேலைக்குப் பயந்துபோய் 72 மணி நேரம் கேட்பார்கள். பெரிய வேலைகளுக்கு நடுவே விழும் சந்துகளில் சின்ன வேலைகளைத் திணிப்பது ஸ்லர்மின் வழக்கம். உண்மையான நேரத்தைச் சொன்னவருக்கு முன்னால் இடம் கிடைக்கும். கூட்டமான பஸ்ஸில் தனியாள் எப்படியாவது தொற்றிக்கொள்வார், எட்டுப் பேர் குடும்பம் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும். அது தெரியாமல், "க்ளஸ்டர் ரொம்ப ஸ்லோ அண்ணா" என்று என் மேல் கோபப்படுவார்கள்.

கடைசிப் பத்து மணி நேரத்தை பைப்புக்குக் கொடுங்கள். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகச் சொருகும் இந்த யோசனை பெல் ஆய்வகத்தில் இருந்த டக் மக்கில்ராயுடையது. 1973இல், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் வந்தது. 400 பதிவுக் கோப்புகளில் எந்தெந்த ஓட்டம் பாதியில் நின்றது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நோட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும். கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கிரெப்பில் அது ஒரே வரி. அதைப் பார்த்தபோது அவர் முகம் மாறியதே, அதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். கோப்பில் செய்த மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் வேண்டாமா என்பீர்கள். என் கருத்தில் முதல் 30 மணி நேரத்தில் வேண்டாம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவருக்குக் கிட் இன்னொரு காடு.

மொழியைப் பற்றி ஒன்று. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்துக் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தால்தான் முடியும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அன்றாடம் வேண்டியது நாற்பது கட்டளைகள்தான். அவையும் பெரும்பாலும் இங்கிலீஷ்காரருக்கே புரியாத இரண்டெழுத்து, மூன்றெழுத்துக் குறுக்கங்கள். அந்தத் திரைக்கு முன்னால் எல்லோரும் ஒரே வரிசையில்தான். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், கட்டளை அப்படியே இருக்கட்டும். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாக இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை வழியாகத் தமிழில் படிக்கவும் கிடைக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு வெகு காலமாகக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது. அழைத்தால் வருகிறவர்கள் அவர்கள். புதிதாக ஆய்வகம் கட்டவும் வேண்டாம். மாணவர்களின் விண்டோஸ் லேப்டாப்பிலேயே லினக்ஸை உள்ளே ஓட்டலாம், அல்லது ஒரு பென் டிரைவிலிருந்து துவக்கலாம்.

ஒரே ஒரு கெஞ்சல்: எழுத்துத் தேர்வு வைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றே குழப்பிவைத்த ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள். யாரோ விட்டுப்போன ஸ்கிரிப்ட், தப்பான பாத், நோட்பேட் வரிமுடிவு, தேதி பொருந்தாத ஒரு கோப்பு. இந்த வரைபடம் எந்தத் தரவிலிருந்து வந்தது, நம்பலாமா என்று மூன்று மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சொல்லட்டும். சொன்னால் தேர்ச்சி, சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு ஃபோல்டர்.

நெறியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "சீனியர்கிட்ட கேட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பும்போது, அந்தச் சீனியருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே யூசர் பெயர், ஒரே பாஸ்வேர்டு என்று வைத்திருக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். உரிமையாளர் நெடுவரிசையில் எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர் இருந்திருந்தால், அன்று அந்த மாணவிக்கு நான் எதைக் காட்டியிருப்பேன்?

அவர் தரவைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று மாதக் கணக்கும் அவர் ஃபோல்டரில் அப்படியே இருந்ததல்லவா, பன்னிரண்டாவது வரியைத் திருத்தி மறுபடி வரைந்தார். மூன்று வரைபடமும் மூன்று விதமாக வந்தன. ஸ்டேபிள் என்று எழுதத் தொடங்கிய பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று தேடப் போனார். அவருடைய ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

அடுத்த செமஸ்டர் கோர்ஸ் ஒர்க் அட்டவணை போடும்போது சனிக்கிழமை காலைகளைக் காலியாக விட்டுப் பாருங்கள். 3 மணி நேரம் வீதம் பத்துச் சனிக்கிழமை; சம்பளம் கேட்காமல் நானே எடுக்கிறேன், முதல் பேட்ச் முடித்த மாணவர்கள் இரண்டாவது பேட்சுக்கு எடுப்பார்கள். எனக்கு ஒரு ஹாலும், வேலை செய்கிற பிளக் பாயிண்ட் இருபதும் போதும். எங்கள் துறை ஹாலில் ஏழுதான் வேலை செய்கின்றன. அதற்கும் ஒரு கடிதம் தனியாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு க்ளஸ்டர் பராமரிப்பாளர்